மைக்குக்கு இடது பக்கம்

பதினோரு பேரை அடித்துப் போட்டுவிட்டு, நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லாமல், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு, அசிஸ்டென்ட் கமிஷனர் ரணதீர் திரும்பிப் பார்த்தான். கையில் காய்கறிப் பையோடு சாருமதி நின்றுகொண்டிருந்தாள். காற்று அவள் ஒருத்திக்காக மட்டும் வீசியது. அவள் கண்ணை அகல விரித்தாள், வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அந்தச் சத்தத்தைக் கொடுக்கத்தான் ரமாமணி மாங்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி சாலிகிராமத்துக்கு வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு, இந்தக் குளிர்ந்த அறைக்குள் காதில் ஹெட்போனோடு நின்றுகொண்டிருந்தாள். சாருமதிக்கு இருபத்து மூன்று வயது, ரமாமணிக்கு நாற்பத்தாறு. சரிபாதி என்று காலையில் பஸ்ஸில் நினைத்துச் சிரித்துக்கொண்டாள். கூடச் சிரிக்கப் பக்கத்து ஸீட்டில் யாரும் இல்லை. தெலுங்கில் அந்தப் பெண் சாஹிதி, தமிழில் சாருமதி. தெலுங்கில் விஜயவாடா, தமிழில் மதுரை. கிருஷ்ணா நதி இரு கரையும் தொட்டு ஓடுகிறது, அதைப் பின்னால் வைத்துக்கொண்டு வில்லன் 'வைகைக் கரையிலேயே உன் கதையை முடிக்கிறேன்டா' என்று கத்துகிறான். வைகையில் ஏது இத்தனை தண்ணீர் என்று இதுவரை ஒரு மதுரைக்காரர்கூடக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தபடி பார்க்கிறவர்களுக்கு ஆறு எதுவாக இருந்தால் என்ன. ரணதீர் அடிக்க வேண்டும், சாருமதி மயங்க வேண்டும். மயங்கினாள். முதலில் ஒரு மூச்சு, அப்புறம் 'யாருங்க நீங்க?'. ரமாமணி பேசினாள். 'ஓகேம்மா, அடுத்தது போலாம்' என்றது காதுக்குள் ஒரு குரல்.

அது வீரபாகு சாருடைய குரல். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சவுண்ட் இன்ஜினியருக்குப் பக்கத்தில் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தப் படத்துக்குத் தமிழ் வசனம் எழுதியவரும் அவரே, அதைப் பேச வைத்து வாங்குகிறவரும் அவரே. காலையில் அவள் உள்ளே நுழைந்ததுமே ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "ரமாம்மா, ஒரு உபகாரம். எட்வின் எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டுதான் போயிருக்காரு. மூணு சீன்தான் பாக்கி. மூணும் உங்ககூட வர்ற லவ் சீன். அதை இவரை வெச்சுப் பேசி வாங்கிருக்கேன்" என்று மூலையில் உட்கார்ந்திருந்த தினகரைக் காட்டினார். முப்பது வயதிருக்கும், டிவியில் மிமிக்ரி செய்கிறவர். எழுந்து நின்று கும்பிட்டார். "ஒட்டுதா இல்லையான்னு நீங்க கேட்டுச் சொல்லணும். ஒட்டுதுன்னா எட்வின் பேசினது அப்படியே நிக்கும். ஒட்டலேன்னா மொத்தப் படத்தையும் இவரை வெச்சே புதுசாப் பேசிரச் சொல்றான் கம்பெனிக்காரன். எட்வின் ட்ராக்கைத் தூக்கிருவாங்க. ஒரு மணிக்கு நான் போன்ல ஒண்ணு சொல்லியாகணும்." நானா சொல்றது சார், என்று கேட்டாள். "எனக்குக் காது பழைய காது இல்லம்மா. அந்தாள் குரலை உங்களவிட அதிகமாக் கேட்டவுக யாரு இருக்கா?" அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். முதல்ல என் மற்ற சீனையெல்லாம் முடிச்சிடறேன் சார், கடைசியா அதைக் கேக்கறேன் என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

எட்வின் இறந்துபோய்ப் பத்தொன்பது நாள் ஆகிறது. திரையில் ரணதீருக்கு அவர் பேசியிருந்த குரல் ஜோராக இருந்தது. கமிஷனரை எதிர்த்துப் பேசுகிறார், ஜீப்பின் மேல் ஏறி நின்று சவால் விடுகிறார், மந்திரியின் மகனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி 'இந்தக் காக்கிக்கு விலை கிடையாது' என்கிறார். வீரபாகு சார் அந்த வசனத்தை எத்தனை படத்தில் எழுதியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஆனால் குரல் கரகரத்திருந்தது. அதுதான் ரமாமணியைக் காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தது. டப்பிங்கில் ஒரு வழக்கம் உண்டு: கத்துகிற காட்சிகளைக் கடைசியில்தான் பேசுவார்கள். முதலிலேயே கத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும், அப்புறம் காதலும் வராது கத்தரிக்காயும் வராது. காலையில் மெதுவான காட்சிகள், சாப்பாட்டுக்குப் பின் சாதாரணப் பேச்சு, எல்லாம் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது அடிதடி. இருபத்து நாலு வருஷத்தில் எட்வின் இதை மாற்றி அவள் பார்த்ததில்லை. இந்தப் படத்துக்கு மட்டும் தலைகீழாகச் செய்திருக்கிறார். ஐந்து நாள் வந்து முதலில் எல்லாச் சண்டையையும் கத்தித் தீர்த்துவிட்டு, காதல் காட்சி மூன்றையும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார். யாருக்காக எடுத்து வைத்தார் என்பது வீரபாகு சாருக்குத் தெரியும். ரமாமணிக்கும் தெரியும். தெரிந்துதான் அன்றைக்குப் போனில் அப்படிச் சொன்னாள்.

'சாருமதி, சீன் இருபத்தாறு' என்றது ஹெட்போன். வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே தோழியிடம் போலீஸ்காரனைப் பற்றி அளக்கிற காட்சி. ரமாமணி குரலை மேலே தூக்கினாள். தூக்கினால்தான் இப்போதெல்லாம் இருபத்து மூன்று வருகிறது. முன்பு அது தானாக அங்கேயே இருக்கும், வாயைத் திறந்தால் போதும். இப்போது தொண்டையில் எங்கேயோ ஒரு பரண் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் ஏணி போட்டு ஏறி அந்தக் குரலை இறக்க வேண்டியிருக்கிறது. நாலாவது டேக்கில் வந்தது. பனங்கற்கண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டாள். காரணம் அவளுக்குத் தெரியும், டாக்டர் வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குள் போனால் திங்கட்கிழமை காலை கண்டக்டரிடம் 'ஒரு சாலிகிராமம்' என்று கேட்கும்போதுதான் அடுத்த வார்த்தை வாயிலிருந்து வருகிறது. நடுவில் ஒன்றரை நாள் பேச்சே கிடையாது. அப்பா இருந்தவரை மருந்து சாப்பிட்டீங்களா, டிவியைக் குறைங்க என்று ஏதாவது ஓடிக்கொண்டிருந்தது. அவர் போய் ஆறு வருஷம். பேசாமல் வைத்த குரல் துருப்பிடிக்காமல் என்ன செய்யும். ஒருநாள் கண்டக்டர் முன்னால் வாயைத் திறப்பேன், வெறும் காற்று வரும், அவர் என்னம்மா என்பார், பின்னால் நிற்கிறவர்கள் சீக்கிரம் என்பார்கள், நான் கையால் காட்ட வேண்டியிருக்கும். இந்தப் பயம் மூன்று வருஷமாக இருக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை. எட்வினிடம் சொல்லியிருக்கலாம், அந்த ஒரு மனுஷனுக்கு இது சிரிப்பாகத் தோன்றியிருக்காது. அவரிடமிருந்துதான் அதை மிகவும் ஒளித்து வைத்தாள்.

வளையல் போடாத கை. இந்த வேலைக்கு வந்த அன்றைக்குக் கழற்றியது, கண்ணாடி வளையல் கிலுக்கென்றால் மைக் பிடித்துவிடும். பட்டுப்புடவை சரசரக்கும், அதுவும் ஆகாது. வயிறு கத்தினால்கூடப் பதிவாகிவிடும் என்று சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும். மாங்காட்டில் குடி வந்த புதிதில் வெறுங்கையைப் பார்த்துப் பக்கத்து வீட்டம்மாள் 'அவர் போய் எத்தனை நாளாச்சு?' என்று மெதுவாக விசாரித்தாள். எவர், எனக்கு வந்தால்தானே போவதற்கு என்று சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டாள். எட்வினிடம் அதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார், அப்புறம் சிரிப்பு பாதியில் நின்றுபோய், அவள் கையை வெறுமனே பார்த்தார். அவரும் கட்டிக்கொள்ளவில்லை. யாராவது கேட்டால், 'வாரத்துக்கு ரெண்டு காதல் சீன் பேசறேன், அதுக்கு மேல உடம்பு தாங்காது' என்பார். அப்போதெல்லாம் ஒரே மைக். ஆண் வலது பக்கம், பெண் இடது பக்கம். பேசி முடித்தவர் அரை அடி பின்னால் நகர்ந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். பதினைந்து வருஷம் எட்வினுக்கு இடது பக்கம் நின்றாள். அவர் காலுறையின் கட்டைவிரல் ஓட்டை, சட்டையிலிருந்து வரும் இஸ்திரி வாசனை, பேசும்போது தாளைப் பிடித்திருக்கும் கை லேசாக ஆடுவது எல்லாம் மனப்பாடம். படத்தில் நீ, வா, போ, உயிரே எல்லாம் உண்டு. விளக்கு அணைந்ததும் 'காபி சாப்பிடறீங்களா ரமாமணி?' என்பார். எல்லாருக்கும் அவள் ரமா. அவர் ஒருவர்தான் முழுப்பெயரையும் சிந்தாமல் சொல்வார்.

அப்புறம் தனி ட்ராக் வந்தது. கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது, ஆளுக்கு ஆள் வந்து தன் பங்கைப் பேசிவிட்டுப் போனால் போதும். நேரம் மிச்சம், வசதி. ஒன்பது வருஷமாக அவர்கள் வாரம் தவறாமல் காதலித்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். அவர் செவ்வாய்க்கிழமை பேசிவிட்டுப் போனதற்கு அவள் வெள்ளிக்கிழமை வெட்கப்படுவாள். முதல் வருஷம் முழுக்க ரமாமணி பழக்கத்தில் இடது பக்கமே போய் நிற்பாள். 'லெவல் வரல மேடம், நடுவுல நில்லுங்க' என்று திட்டு வாங்கி வாங்கித் திருந்தினாள். ஆனால் ஒன்று மட்டும் மாறவில்லை. அந்த மூச்சு. காதல் காட்சியில் அவளிடம் பேச வேண்டிய வசனத்துக்கு முன்னால் எட்வின் ஒரு சின்ன மூச்சு எடுப்பார். தாளில் இல்லாதது, தெலுங்கு நடிகர் எடுக்காதது. வேறு எதையோ சொல்ல வந்து, அதை விழுங்கிவிட்டு, எழுதிக் கொடுத்ததைச் சொல்வது போல இருக்கும். ஒரே மைக்கில் அது அவள் வலது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. தனி ட்ராக்கில் ஹெட்போனுக்குள் கேட்டது. அது தனக்கு என்று ரமாமணி நினைத்துக்கொண்டாள். இல்லை, அது அவர் பேசுகிற முறை என்றும் நினைத்துக்கொண்டாள். இரண்டு நினைப்புக்கும் நடுவில் இருபத்து நாலு வருஷம் போய்விட்டது. அவரிடம் கேட்டிருக்கலாம். கேட்டு, 'எந்த மூச்சு?' என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் எதை வைத்துக்கொண்டு மாங்காட்டுக்குப் போவது.

போன் வந்தது ஒரு மாதத்துக்கு முன்னால். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ரமாம்மா, எட்வின் ஒரு ஆசை சொல்றாரு. அந்த மூணு சீனையும் பழையபடி ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு பேசலாமேங்காரு. அதுக்காகச் சண்டையெல்லாம் மொதல்லயே கத்திட்டு இருக்காரு, கோட்டிக்கார மனுஷன். நீங்க வர்ற அன்னைக்கு அவரும் வரட்டுமா?" வீரபாகு சார் குரலில் ஒரு குறும்பு இருந்தது. ரமாமணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு விநாடி, அரை விநாடி. உடனே அந்த ஏணியும் பரணும் ஞாபகம் வந்தன. நாலு டேக், ஐந்து டேக், வலது பக்கம் எட்வின் பொறுமையாகத் தாளைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், பரவாயில்ல ரமாமணி, தண்ணி குடிங்க என்பார். அதைவிடச் செத்துப்போகலாம். கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷம் காபி சாப்பிடறீங்களா என்பதற்கு மேல் ஒன்றைக் கேட்கத் தெரியாதவர், இப்போது குரல் போன பிறகு வந்து நிற்கிறாராம். 'அதெல்லாம் எதுக்கு சார், நான் தனி ட்ராக்லயே குடுத்துடறேன்' என்றாள். நல்ல தெளிவான குரலில்தான் சொன்னாள், அந்த வாக்கியம் மட்டும் ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று. மறுநாள் வீரபாகு சார் மறுபடி கூப்பிட்டார். 'சரி, அப்ப அவங்க பேசினதும் அதைக் கேட்டுக்கிட்டே நான் பேசறேன்னு சொல்லிட்டாரு. உங்களுக்காகக் காத்திட்டிருக்காரு, சீக்கிரம் வாங்க.' ஜலதோஷம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். சொந்தக்காரர் வீட்டு விசேஷம் என்று இன்னொரு வாரம். ஜலதோஷமும் இல்லை, விசேஷமும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடி முன்னால் இருபத்து மூன்று வயதைப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டாவது வாரத்தின் வியாழக்கிழமை காலை எட்வின் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது விழுந்தார்.

போரூரில் அவர் குடியிருந்த அக்கா வீட்டில் உடலை வைத்திருந்தார்கள். ரமாமணி போய்க் கடைசி வரிசையில் நின்றாள். யூனியனிலிருந்து மாலை வந்திருந்தது. பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, திடீரென்று அதிலிருந்து எட்வின், 'டேய்! நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இந்த ஊர்ல ஒருத்தன் வாலாட்ட முடியாது!' என்று கத்தினார். ஏதோ பழைய போலீஸ் படம். ஜெபம் நின்றது. எல்லாரும் சவப்பெட்டியைப் பார்த்தார்கள், அப்புறம் சுவரைப் பார்த்தார்கள். அவர் அக்கா மகன் ஓடிப்போய் டிவியை அணைக்கச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரருக்கு அது அவர் குரல் என்று தெரியாது, பத்து வருஷமாகப் பக்கத்திலேயே இருந்தும் தெரியாது. யாருக்குத்தான் தெரியும். பெயர்கள் படம் முடிந்து ஓடுகிற வேகத்தில் விளம்பரம் வந்துவிடும். அந்தப் படத்தில் அடுத்த காட்சியில் கதாநாயகிக்குப் பேசியது ரமாமணி. அணைக்காமல் விட்டிருந்தால் அவளும் பதில் சொல்லியிருப்பாள், அவர் தலைமாட்டில், எல்லார் முன்னாலும். அதை நினைத்து அன்றைக்கு அழுகை வந்ததா சிரிப்பு வந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் அழுதாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

'மேடம், உங்க போர்ஷன் அந்த மூணு தவிர முடிஞ்சுது' என்றான் சவுண்ட் இன்ஜினியர். மணி பன்னிரண்டு இருபது. அவள் வெளியே வராமல் உள்ளேயே நின்றபடி, போடுங்க, இங்கேயே கேக்கறேன் என்றாள். வெளியே போனால் மூன்று பேர் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். விளக்கைக் குறைத்தார்கள். திரையில் கிருஷ்ணா நதிப் பாலம், மழை, ஜீப்பின் விளக்கு. ரணதீர் நனைந்தபடி நிற்கிறான், மழைக்குக்கூடக் கலையாத தலைமுடி. சாருமதி குடையோடு வருகிறாள். ரமாமணி கண்ணை மூடிக்கொண்டாள், காதுதானே வேண்டும். ஒட்டக் கூடாது என்று மனசு வேண்டிக்கொண்டது. யாரோ ஒருவர் அவர் குரலைப் போட்டுக்கொண்டு வந்து அந்த வார்த்தைகளைச் சொல்வதா, அவர் எடுத்து வைத்த வார்த்தைகளை. ஒட்டவில்லை சார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லிவிட்டால் எட்வின் கடைசியாகக் கத்திய கத்தலெல்லாம் போகும், தொண்டை கிழிய ஐந்து நாள் நின்றது போகும். ஒட்டுகிறது என்றால் அவர் நிற்பார், ஆனால் பாலத்தின் மேல் வேறொருவர் நிற்பார். அப்போது காதுக்குள் அது கேட்டது. சின்ன மூச்சு. வேறு எதையோ சொல்ல வந்து விழுங்கியது போல. அப்புறம், 'சாருமதி, ஆபரேஷன் முடிஞ்சு வந்து உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.'

ரமாமணி கண்ணைத் திறந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தினகர் முழங்கையை முட்டியில் ஊன்றிப் பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியானால் அது எல்லாருக்கும் கேட்கிற மூச்சு. டிவி பார்க்கிற எவரும் எடுத்துக்கொள்ளலாம், பழகலாம், மிமிக்ரி மேடையில் செய்து கைத்தட்டு வாங்கலாம். இதைத்தான் இருபத்து நாலு வருஷமாக முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு அலைந்தாளா. அவமானமாக இருந்தது, யாரும் பார்க்காத அவமானம். பொத்தானை அமுக்கி மைக்கில் கேட்டாள், குரல் கடுமையாகவே வந்தது. "தினகர், வசனத்துக்கு முன்னாடி ஒரு மூச்சு எடுக்கறீங்களே, அது யார் சொல்லிக் குடுத்தது?"

"யாரும் சொல்லல மேடம்" என்று அவர் பதறிப்போய் மைக்குக்குக் குனிந்தார். "சார் பேசின படம் ஒரு நாப்பது போட்டுக் கேட்டேன். எல்லாத்துலயும் அது இல்ல. சிலதுல மட்டும்தான் இருக்கு. லவ் சீன்ல. இதுவும் லவ் சீன்தானேன்னு போட்டேன். தப்பா இருந்தா எடுத்துடறேன் மேடம்."

"எதுல எல்லாம் இருக்கு?"

"அந்த மாட்டு டாக்டர் ஹீரோயின் படம். கப்பல்ல கடத்திட்டுப் போற படம். அப்புறம் ஹீரோயின் கண்ணு தெரியாதவங்களா வருவாங்களே, அது. புதுப் படம் ஒரு ஏழெட்டுல இருக்கு." தினகர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். "ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல மேடம். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஹீரோவை லவ் பண்ற மாதிரி ஒரு படம் வந்துச்சு. அதுல தங்கச்சிகிட்ட பேசறப்ப அந்த மூச்சு இருக்கு. அக்காகிட்ட பேசறப்ப இல்ல. ஒரே படம், ஒரே சீன், ஒரே ஆளு. ஏன் அப்படிப் பண்ணாருன்னு ரெண்டு நாள் யோசிச்சேன், பிடிபடல."

மாட்டு டாக்டர் ரமாமணி. கப்பலில் கடத்தப்பட்டவள் ரமாமணி. கண் தெரியாதவளும் அவள்தான், அந்தப் படத்துக்கு எட்வின் இடையிடையே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் தெரியும், தூசி என்றார். அக்கா தங்கச்சிப் படத்தில் அக்காவுக்குப் பேசியது வேறொரு பெண், அவள் இப்போது துபாயில் இருக்கிறாள். தங்கச்சி ரமாமணி. பெயர் போடாத வேலை என்பதால் தினகருக்கு இது தெரிய வழியில்லை. வீரபாகு சார் நெற்றியிலிருந்து மூக்குக் கண்ணாடியை இறக்கி, அதைத் துடைக்கத் தேவையில்லாதபோதும் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கணக்குப் போட்டுவிட்டார் என்று தோன்றியது. ரமாமணி தாள் வைக்கிற ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான். எனக்கு மட்டும்தான். இதைச் சொல்ல அந்த மனுஷனுக்கு இத்தனை படம், இதைக் கேட்க எனக்கு ஒரு மிமிக்ரிக்காரர், அவரும் புரியாமல்தான் சொல்கிறார். மனசு நிறைந்து ததும்பியது, அதே நேரத்தில் உள்ளே ஒரு வீடு காலியாகிற மாதிரி இருந்தது, சாமான்களை எடுத்து எடுத்து வெளியே வைக்கிற மாதிரி. அவர் கேட்டார், சேர்ந்து நின்று பேசலாமா என்று வாயால்தான் கேட்டார், அதைவிட வேறு எப்படிக் கேட்பார் அவர். நான் ஜலதோஷம் என்றேன்.

"ரமாம்மா" என்றார் வீரபாகு சார் மெதுவாக. "நேரமாகுது. என்ன சொல்லட்டும்?"

ஒட்டியதா என்றால், முக்கால்வாசி ஒட்டியது. தினகர் ஒவ்வொரு வாக்கியத்தையும் அது முடிகிற இடத்தில் முடித்தார். எட்வின் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பார். அது ரமாமணிக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பார்க்கிறவர்களுக்குக் கேட்காது. எட்வின் இருக்கட்டும். ஜீப் மேல் ஏறிக் கத்தட்டும், மந்திரி மகனைத் தூக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாமலேயே பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கட்டும். "ஒட்டுது சார்" என்றாள். "நல்லா இருக்கு. அந்த மூச்சை மட்டும் எடுத்துடுங்க."

"தப்பா மேடம்?" என்று கேட்டார் தினகர்.

"தப்பில்லை. ரொம்பச் சரியா இருக்கு. நீங்க உங்க மூச்சுலயே பேசுங்க. அது வேண்டாம்."

தினகர் தலையாட்டினார், புரிந்ததோ என்னவோ. இன்ஜினியர் திரையில் கோடு கோடாக ஓடியதில் ஒரு துண்டைக் குறித்து அழித்தான், மூன்று சீனிலும் மூன்று துண்டு, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வீரபாகு சார் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்து உட்கார்ந்தார். கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் அவள் பாக்கி மட்டும்தான். பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். பாலம், மழை, ஜீப். இருபத்து மூன்று வயதுக்காக ஏணியைத் தேடினாள், அகப்படவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. சாருமதி குடையோடு வந்து நின்றாள். மூச்சு இருந்த இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, மழைச் சத்தம்கூட இல்லை, வெட்டி எடுத்த இடம் அப்படியே காலியாக இருந்தது. அந்தக் காலிக்குள் ரமாமணி அதைக் கேட்டாள், வலது காதில், இஸ்திரி வாசனையோடு. 'ஆபரேஷன் முடிஞ்சு வந்து உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்' என்றான் ரணதீர். அவள் தன் வசனத்தைச் சொன்னாள்.

"மேடம், கட்" என்றான் இன்ஜினியர். "லெவலே வரல. ரொம்ப இடது பக்கம் தள்ளிப் போயிட்டீங்க. பாதி மைக் காலியா இருக்கு பாருங்க."

ரமாமணி குனிந்து பார்த்தாள். கம்பளத்தில் அவள் கால்கள் ஓரமாக, ஒடுங்கி, பக்கத்தில் ஓர் ஆள் நிற்கத் தாராளமாக இடம் விட்டு நின்றுகொண்டிருந்தன. எப்போது நகர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வீரபாகு சார் தலையைக் குனிந்து, வசனத் தாளில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். தெலுங்கு நடிகை திரையில் வாயைத் திறந்தபடி உறைந்து நின்று, சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

"ஒன் மோர் மேடம். மைக்குக்கு நேரா வந்துடுங்க."

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. ரமாமணி அரை அடி எடுத்து வைத்து நடுவில் வந்து நின்றாள். "இப்பவே சொல்லு" என்றாள்.